புதிதாக வந்த வாழ்க்கை வரலாறுகள், தன்வரலாறுகளில் எதைப் படிக்கலாம்?

‘புதிதாக’ என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் சொல்லும் பழைய புத்தகங்களைப் படித்து முடித்துவிட்டு அடுத்தது தேடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். அப்படியானால் முதலில் ஜோனதன் ஐக் எழுதிய ‘கிங்: எ லைஃப்’. 2023இல் வந்தது, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்றது. மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றித்தான் ஏற்கெனவே எத்தனையோ புத்தகங்கள் இருக்கின்றனவே, இன்னொன்று எதற்கு என்று தோன்றும். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

கல்லூரி நாட்களில் கிங்கா, அவருடைய அகிம்சை வழியை ஏற்காத கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸா என்று நானும் என் நண்பனும் ஓயாமல் வாதாடுவோம். நான் கிங் பக்கம். என்னிடம் ஒரு துருப்புச்சீட்டு இருந்தது: 1965 ஜனவரி பிளேபாய் இதழில் வந்த, பத்திரிகையாளர் அலெக்ஸ் ஹேலி எடுத்த கிங்கின் பேட்டி. மால்கம் தனக்கும் கறுப்பின மக்களுக்கும் பெரும் தீங்கு செய்துவிட்டார் என்று கிங் அதில் சொல்லியிருப்பார். ஒருநாள் இருபது பேர் முன்னால் அதைப் படித்துக் காட்டினேன். “கிங் அப்படிப் பேசியிருக்க மாட்டார்” என்றான் நண்பன். அச்சில் இருக்கிறதே என்று அவன் வாயை அடைத்தேன். அதற்குப் பிறகு அவன் என்னோடு வாதாடுவதையே விட்டுவிட்டான். அப்புறம் பேச்சும் குறைந்தது.

ஐக் அந்தப் பேட்டியின் மூலத் தட்டச்சுப் பிரதியை டியூக் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்தில் எடுத்துப் படித்திருக்கிறார். ‘பெரும் தீங்கு’ வாக்கியம் அதில் இல்லவே இல்லை. வன்முறையைத் தூண்டும் பேச்சைப் பற்றி, வேறொரு கேள்விக்குக் கிங் பொதுவாகச் சொன்னதை மால்கமைப் பற்றிச் சொன்னதாக மாற்றி அச்சிட்டிருக்கிறார்கள். மால்கமின் கருத்துகள் பலவற்றோடு முரண்படுவதாகக் கிங் சொன்னது உண்மை. ஆனால் விடையின் ஒரு பகுதி அவரிடமும் இருக்கலாம் என்றும் சொல்லியிருக்கிறார். அந்த வரி அச்சிலும் இருந்தது. நான்தான் அதை விட்டுவிட்டுக் கடுமையான வரிகளை மட்டும் படித்துக் காட்டியிருக்கிறேன். கிங்கும் மால்கமும் நேரில் சந்தித்தது ஒரே ஒரு முறை, 1964 மார்ச்சில், ஒரு நிமிடம்போல. பேட்டி வந்த மறு மாதமே மால்கம் கொல்லப்பட்டார்.

ஹேலியை மட்டம் தட்டுகிறேன் என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். பேட்டியில் யார் கை வைத்தது என்று நான் தீர்ப்பு எழுதவில்லை. அவர் துணையோடு உருவான மால்கமின் தன்வரலாற்றை இன்றும் நண்பர்களுக்குப் பரிந்துரைக்கிறேன்.

தன்வரலாறுகளில் சல்மான் ருஷ்டியின் ‘நைஃப்’ (2024). 2022 ஆகஸ்டில் மேடையில் கத்தியால் குத்தப்பட்டு வலக்கண்ணை இழந்ததைப் பற்றியது. குத்தியவனின் பெயரைச் சொல்ல மறுத்து ‘ஏ’ என்ற ஒற்றை எழுத்தோடு நிறுத்திக்கொள்கிறார். ரஷ்ய எதிர்க்கட்சித் தலைவர் அலெக்ஸி நவால்னியின் ‘பேட்ரியட்’ அவர் சிறையில் இறந்த அதே 2024இல் வந்தது. பின்பாதி சிறை நாட்குறிப்பு. முடிவு தெரிந்தே படிப்பதால் என்னால் ஒரு நாளைக்குச் சில பக்கங்களுக்கு மேல் போக முடியவில்லை. அருந்ததி ராயின் ‘மதர் மேரி கம்ஸ் டு மீ’ (2025) அவருடைய அம்மா மேரி ராயைப் பற்றியது. கேரளத்தில் சிரியன் கிறிஸ்தவப் பெண்களின் சொத்துரிமைக்காக வழக்காடி 1986இல் உச்ச நீதிமன்றத்தில் வென்றவர். அந்த அம்மாவிடம் தான் பட்ட காயங்களையும் மகள் மறைக்கவில்லை.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வாழ்க்கை வரலாறு ஒன்றின் மொழிபெயர்ப்பை ஆசையாக வாங்கினேன். பின்குறிப்புகளும் பெயரடைவும் அடியோடு நீக்கப்பட்டிருந்தன. பதிப்பகத்துக்கு எழுதிக் கேட்டேன். வாசகர்கள் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்று பதில் வந்தது. யார் சொன்னது? ஓர் ஆசிரியர் ஆண்டுக்கணக்கில் ஆவணங்களில் தேடி எடுத்ததற்குச் சான்று அந்தப் பக்கங்கள்தானே! வாங்கும் முன் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பாருங்கள்.

ஐக்கின் புத்தகத்தை முடித்த இரவே நண்பனை அழைத்தேன். பல வருடங்கள் கழித்துப் பேசுகிறோம். நடந்ததைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். பிறகு, “ஆதாரம் எந்தப் பக்கத்துல இருக்குடா?” என்றான். பின்குறிப்பைத் திறந்து வைத்துக்கொண்டு முழுவதையும் அவனுக்குப் படித்துக் காட்டினேன்.