போட்டி ரோபோ வாங்கப் போகிறீர்களா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். பள்ளியிலிருந்து நான்கு பேர் சேர்ந்து மினி சுமோ ரோபோ போட்டியில் கலந்துகொள்ளப் போகிறார்கள். இங்கே ஒரு மாலில் ‘போட்டிக்கு ரெடி’ என்று எழுதிய கிட் 14,000 ரூபாய்க்கு இருக்கிறது. வாங்கிக் கொடுக்கலாமா? (கோயம்புத்தூர் வாசகர்)

பதில்: பர்ஸைத் திறக்கும் முன் போட்டியின் விதிப் புத்தகத்தைத் திறந்து பாருங்கள். மினி சுமோவில் வழக்கமான விதி இது: ரோபோ 500 கிராமைத் தாண்டக் கூடாது. நீளமும் அகலமும் 10 சென்டிமீட்டருக்குள் அடங்க வேண்டும். உயரத்துக்குத் தடை இல்லை. மேடை 77 செ.மீ. விட்டமுள்ள கறுப்பு வட்டம், அதன் விளிம்பில் 2.5 செ.மீ. அகலத்துக்கு வெள்ளைப் பட்டை. எதிரியை வட்டத்துக்கு வெளியே தள்ளினால் வெற்றி. எடையிலும் அளவிலும் பேட்டரி, முன்தகடு எல்லாம் சேர்த்தி.

இப்போது அந்த கிட்டைப் பாருங்கள். அக்ரிலிக் தட்டு, மஞ்சள் நிற பி.ஓ. (பேட்டரியில் ஓடும்) மோட்டார், பெரிய சக்கரம் என்று வரும் சாதாரண கிட்களில் தட்டு மட்டுமே 20 செ.மீ. நீளம் இருக்கும். தரையில் போட்ட கோட்டைப் பின்பற்றி ஓடும் ரோபோ செய்யக் கற்றுக்கொள்ள அது அருமையான பொருள். மினி சுமோவில் அளவு பார்க்கும்போதே வெளியே அனுப்பிவிடுவார்கள். செல்போனில் ப்ளூடூத் வழியாக ஓட்டும் கிட் என்றால் இன்னொரு சிக்கல். தானாக இயங்கும் பிரிவில் அதற்கு அனுமதி கிடையாது. நம் ஊர்ப் போட்டிகள் சிலவற்றில் ரிமோட் பிரிவு தனியாக உண்டு. மகள் எந்தப் பிரிவில் பெயர் கொடுத்திருக்கிறாள் என்று முதலில் கேளுங்கள். பிறகு ஒரு ஸ்கேலும் சமையலறைத் தராசும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். தயங்க வேண்டாம். விலை 14,000, அளந்து பார்க்கிற உரிமை உங்களுக்கு உண்டு.

என்னைக் கேட்டால், பாகங்களாக வாங்குவதுதான் நல்லது. சென்னைக்குப் போக முடிந்தால் ரிச்சி தெருவில் எல்லாமே கிடைக்கும். இல்லையென்றால் ஆன்லைனில் எடுக்கலாம். மூளைக்கு ஆர்டுயினோ நேனோ என்ற, நிரல் ஏற்றக்கூடிய குட்டி போர்டு போதும். அதன் வடிவமைப்பு எல்லோருக்கும் திறந்தது என்பதால் மற்றவர்கள் செய்யும் நகல் போர்டு வாங்குவதில் தவறே இல்லை. பெரும்பாலும் நன்றாகவே ஓடும். யூஎஸ்பிக்கு சிஎச்340 சிப் வைத்திருந்தால், கணினியில் அதற்கான டிரைவர் மென்பொருளை ஏற்றினால் வேலை முடிந்தது. ஆனால் நகலில் ஆர்டுயினோ முத்திரையை அச்சடித்து, அசல் விலைக்கே தலையில் கட்டுகிறவர்களிடம் வாங்காதீர்கள்.

மோட்டாரில் மட்டும் காசை மிச்சம் பிடிக்கக் கூடாது. என்20 என்ற குட்டி கியர் மோட்டார் கேளுங்கள். இதில் ஒரு நுணுக்கம் உண்டு. வெளியே பார்க்க எல்லாம் ஒரே மாதிரி இருக்கும், உள்ளே பல்சக்கர விகிதம் வேறுவேறு. பெட்டியில் எழுதியிருக்கும் வேகத்தையும் வோல்டேஜையும் சேர்த்துப் படியுங்கள். நிமிடத்துக்கு 400 சுற்று ஓடும் மோட்டாரில் 30 மி.மீ. சக்கரம் போட்டால் நொடிக்கு ஏறக்குறைய 60 செ.மீ. போகும், அதாவது மேடையை ஒன்றேகால் நொடியில் கடந்துவிடும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு இது போதும். இதைவிட வேகம் கேட்டால், வெள்ளைப் பட்டையைப் பார்த்து நிற்பதற்குள் ரோபோ கீழே விழும். ஒரே கடையில், ஒரே எண்ணுள்ள மோட்டாராக நான்கு வாங்குங்கள். இரண்டு ஓட, இரண்டு கையிருப்பு.

ஆர்டுயினோ சொல்கிறபடி மோட்டாருக்கு மின்சாரம் கொடுக்கும் போர்டுக்கு மோட்டார் டிரைவர் என்று பெயர். அதைக் கேட்டவுடன் கடைக்காரர் சிவப்பு நிற எல்298என் போர்டைத்தான் எடுத்து நீட்டுவார். அது பழைய சிப். வோல்டேஜில் ஏறக்குறைய 2 வோல்ட்டை அதுவே சூடாக்கித் தின்றுவிடும். 7.4 வோல்ட் பேட்டரி போட்டால் மோட்டாருக்குப் போவது ஐந்தரை வோல்ட் அளவுதான். டிபி6612 என்ற டிரைவர் சின்னது, இழப்பும் குறைவு. கேட்டு வாங்குங்கள்.

டயரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பிடிமானம் வேண்டும் என்று ஒட்டும் பசை தடவிக்கொண்டு போகாதீர்கள். சுமோவில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு. ரோபோவை ஒரு ஏ4 தாளின் மேல் வைத்துத் தூக்குவார்கள். தாள் இரண்டு நொடிக்கு மேல் ஒட்டிக்கொண்டு வந்தால் ரோபோ தகுதி இழந்துவிடும். சிலிக்கான் டயரைத் தூசி இல்லாமல் வைத்திருந்தாலே நல்ல பிடி கிடைக்கும். ஒவ்வொரு சுற்றுக்கு முன்பும் செலோடேப்பின் ஒட்டும் பக்கத்தில் சக்கரத்தை உருட்டி எடுத்தால் போதும்.

இத்தனையும் வாங்கினாலும் அந்த 14,000-ல் பாதியைத் தொடாது. அதைவிடப் பெரிய லாபம் வேறு. ஆட்டத்துக்கு நடுவே ஒரு ஒயர் கழன்றால், எது எங்கே போகிறது என்று தெரிந்த பிள்ளைகள் தாங்களே பற்றவைத்துக்கொண்டு மறுபடி மேடைக்கு வருவார்கள். ரெடிமேட் ரோபோவோடு வந்தவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நிற்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கும்.

கேள்வி: மாமா வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த பழைய ரோபோசேப்பியன் (மனித உருவில் நடக்கும் ரோபோ) பொம்மை பரணில் கிடக்கிறது. ஓடவில்லை. சரிசெய்து, கொஞ்சம் மாற்றங்கள் செய்து போட்டிக்குக் கொண்டுபோக ஆசை. செலவழிக்கலாமா? (திருச்சி, கல்லூரி மாணவர்)

பதில்: தாராளமாகச் செய்யலாம். கழற்றிப் பார்க்கத் தோதான பொம்மை அது. 2004-இல் வவ்வீ நிறுவனம் வெளியிட்டது, வடிவமைத்தவர் மார்க் டில்டன். மற்றவர்கள் திறந்து மாற்றி அமைக்க வேண்டும் என்று நினைத்தே வடிவமைத்திருக்கிறார். முதுகு திருகாணிகளால்தான் மூடியிருக்கும்.

முதலில் பாதங்களைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு பாதத்திலும் இரண்டு பெரிய டி பேட்டரிகள் இருக்கும். பல வருடம் பரணில் கிடந்தது என்றால் அவை கசிந்து, ஸ்பிரிங்கில் வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருக்கும். ஆல்கலைன் பேட்டரி என்றால் வினிகரில் நனைத்த பஞ்சால் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, நைஸ் உப்புத்தாளால் தேய்த்துப் புது பேட்டரி போடுங்கள். பாதிப் பொம்மைகளுக்கு இதுதான் வியாதி.

மாற்றி அமைக்க எளிய வழி, மோட்டார்களைத் தொடாமல் ரிமோட் சிக்னலைப் பிடிப்பது. ரிமோட் அனுப்பும் இன்ஃப்ராரெட் கட்டளைகளை ஆர்வலர்கள் எப்போதோ கண்டறிந்து பொதுவில் எழுதிவிட்டார்கள். ஓர் ஆர்டுயினோவை உள்ளே வைத்து அதே கட்டளைகளைக் கொடுத்தால் பொம்மை தானாக நடக்கும். ஜெர்மனியின் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, தலையை எடுத்துவிட்டு அங்கே கேமராவுடன் ஒரு கையடக்கக் கணினியைப் பொருத்தி, 2005 வாக்கில் இதைக் கால்பந்து ஆடவே வைத்தது.

உங்கள் கல்லூரி விழாக்களில் நடக்கும் சுமோவுக்கோ, ரோபோக்கள் மோதிக்கொள்ளும் ‘ரோபோ வார்’ போட்டிக்கோ இது உதவாது. புதுமைக் கண்காட்சிப் பிரிவு இருக்கிறதா என்று விசாரியுங்கள்.

கேள்வி: ஆன்லைனில் 9,900 எம்.ஏ.எச். (மில்லி ஆம்பியர்-அவர்) திறன் என்று போட்ட, 18650 என்ற உருளை வடிவ லித்தியம் பேட்டரி நான்கு வாங்கினேன். ரோபோ பத்து நிமிடம்கூட ஓடவில்லை. விற்றவர் ‘ரிட்டர்ன் காலம் முடிந்துவிட்டது’ என்கிறார். (மதுரை வாசகி)

பதில்: உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள் அம்மா. அந்த அளவு உருளைக்குள் 9,900 அடங்கவே அடங்காது. நல்ல நிறுவனங்களின் செல்களே 3,500-ஐ ஒட்டித்தான் நிற்கும். தராசில் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான செல் 45 கிராமை ஒட்டி இருக்கும். 30 கிராம், அதற்கும் கீழே என்றால் உள்ளே சரக்கு இல்லை. அந்தத் தராசுப் படத்தையும் விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் பில்லையும் பத்திரப்படுத்துங்கள். செல்களை இனி சார்ஜ் போடாதீர்கள்.

அடுத்து, அந்த இணையதளத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதுங்கள். 2020 மின்வணிக விதிகளின்படி 48 மணி நேரத்துக்குள் புகார் கிடைத்ததை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்த்துவைக்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. ‘ரிட்டர்ன் காலம்’ என்பது மனம் மாறித் திருப்பிக் கொடுப்பவர்களுக்கு. இல்லாத திறனை இருப்பதாக விளம்பரம் செய்து விற்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். நாள் கடந்துவிட்டது என்பதால் அது சரியாகிவிடாது. பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யுங்கள். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, இரண்டு ஆண்டுக்குள் மனு கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை. தொகை சிறியது என்று விட்டுவிடாதீர்கள். இந்த செல்கள் தீப்பிடிக்கக் கூடியவை, அடுத்து வாங்கப்போவது ஒரு பள்ளிப் பிள்ளையாக இருக்கலாம்.

கேள்வி: லெகோ மைண்ட்ஸ்டார்ம்ஸ் ரோபோட் இன்வென்டர் என்ற ரோபோ கிட் பழையது ஒன்று விலைக்கு வருகிறது. தயாரிப்பு நின்றுவிட்டதாமே? (சேலம் வாசகர்)

பதில்: ஆமாம், 2022 கடைசியோடு நிறுத்திவிட்டார்கள். ஆனாலும் ஹப் (அதன் மூளையான பெட்டி) வீணாகாது. பைப்ரிக்ஸ் என்ற திறந்த மென்பொருளை அதில் ஏற்றி, பைதானில் நிரல் எழுதலாம். நேரில் பார்த்து வாங்குங்கள். ஆறு போர்ட்டிலும் ஒரே மோட்டாரை மாற்றி மாற்றிச் செருகி ஓட்டிப் பாருங்கள். நான்கு மோட்டார், நிற உணரி, தூர உணரி இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். மொத்தம் 949 துண்டுகளில் சில கட்டைகள் குறைந்தால் பரவாயில்லை, உதிரியாக வாங்கலாம். மோட்டாரோ உணரியோ குறைந்தால் கையைக் கடிக்கும். கூடவே, நீங்கள் போகும் போட்டியில் இந்த ஹப்பை அனுமதிக்கிறார்களா என்று அந்த வருட விதியில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: மும்பைப் போட்டிக்கு விமானத்தில் போகிறோம். எங்கள் லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 11.1 வோல்ட், 2.2 ஆம்பியர்-அவர். அதை எங்கே வைப்பது? (சென்னை, மாணவர் குழு)

பதில்: தனி பேட்டரிகள் எல்லாம் கைப்பையில்தான், செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. விமான நிறுவனத்திடம் தனி அனுமதி வாங்காவிட்டால் வாட்-அவர் கணக்கு 100-ஐத் தாண்டக் கூடாது. 11.1 வோல்ட்டை 2.2 ஆம்பியர்-அவரால் பெருக்கினால் 24 சொச்சம், அதனால் உங்களுடையது பிரச்சினை இல்லை. அந்த எண்கள் பேட்டரி மேலேயே தெரிய வேண்டும், ஸ்டிக்கரைக் கிழித்துவிடாதீர்கள். முனைகளை இன்சுலேஷன் டேப்பால் மூடி, ஒவ்வொன்றையும் தனித்தனிப் பையில் போடுங்கள். முழு சார்ஜ் வேண்டாம், செல் ஒன்றுக்கு 3.8 வோல்ட்டில் நிறுத்திக்கொண்டு, போட்டி அரங்கில் போய் ஏற்றிக்கொள்ளலாம். உப்பிய பேட்டரி இருந்தால் அதை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.