ஆறு மாதத்துக்கு 5,952 யூரோ போதுமா?

கேள்வி: மகள் ஒரு செமஸ்டர் படிக்க ஜேர்மனி போகிறாள். விசாவுக்கு மாதம் 992 யூரோப்படி ஆறு மாதக் காசு கட்டச் சொல்கிறார்கள். அதுவே செலவுக்குக் காணுமா?
– ஒரு தாய், மாங்குளம்

பதில்: சிக்கனமாக இருந்தால் காணும். ஆனால் முதல் மாதம்தான் இடிக்கும். மாதம் 992 என்ற இந்த அளவு 2024 செப்டெம்பரிலிருந்து உள்ளது. கட்டும் காசு முடக்கக் கணக்கில், அதாவது நினைத்தபடி எடுக்க முடியாத கணக்கில், கிடக்கும். மகள் அங்கே போய் நடைமுறைக் கணக்கு திறந்த பிறகே மாதாமாதம் விடுவிப்பார்கள். அதற்குச் சில வாரங்கள் பிடிக்கலாம். அதற்கு முன்பே வாடகையும் முற்பணமும் கேட்பார்கள். முற்பணம் அடிவாடகையின் (சூடாக்கல் போன்ற செலவுகள் சேராத வாடகை) மூன்று மடங்கு வரை போகலாம். ஆகவே இவற்றுக்கான காசைத் தனியாகக் கொடுத்து விடுங்கள்.

முற்பணத்தைச் செலவுக் காசாக எண்ணவே வேண்டாம். அறையை விட்டு மாதக்கணக்கில் கழித்துத்தான் திரும்பி வரும். அதுவரை அங்குள்ள வங்கிக் கணக்கை மூடக்கூடாது. குடிபுகும் அன்றே சுவர்க் கீறல், கறை எல்லாவற்றையும் படமெடுத்து வைக்கட்டும். இல்லையென்றால் பழைய பழுதும் அவள் தலையில்தான் விழும்.

வானொலி, தொலைக்காட்சிக்காக வீடுகளிடம் அறவிடும் வானொலிக் கட்டணம் மாதம் 18.36 யூரோ, வீட்டுக்கு ஒன்றுதான், அறைத்தோழிகளோடு பங்கிடலாம்.

வறுத்த தூளும் ஒடியல் மாவும் கட்டிவிடுங்கள். நெய், இறைச்சி வேண்டாம். விமான நிலையத்தில் பறிப்பார்கள். ஞாயிறு கடைகள் பூட்டு, சனிக்கிழமையே சாமான் வாங்காவிட்டால் வெளிச்சாப்பாட்டில் காசு கரையும்.