பெரியப்பாவின் கங்காரு முத்திரைத் துப்பாக்கி

கேள்வி: பெர்த்தில் இருந்த என் பெரியப்பா காலமாகிவிட்டார். அவருடைய பழைய துப்பாக்கியைப் படமெடுத்துப் பெரியம்மா வாட்ஸ்ஆப்பில் அனுப்பியிருக்கிறார். பக்கவாட்டில் கங்காருவும் 'பி.எஸ்.ஏ.' என்ற எழுத்துகளும் உள்ளன. குழலில் மட்டும் 'ஸ்போர்ட்கோ', '.22' என்றிருக்கிறது. பார்த்த கடைக்காரர், "குழல் மாற்றியது, உள்ளே துரு வேறு, இரும்பு விலைதான் போகும்" என்றாராம். அப்படித்தானா? நினைவுக்குக் குழலை மட்டும் கழற்றி சிங்கப்பூருக்குக் கொண்டுவரலாமா? - வாசகர், யீஷூன்

பதில்: இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். கொண்டுவராதீர்கள். இங்கே உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருப்பது குற்றம், குழல் போன்ற முக்கியப் பாகங்களும் அதில் அடக்கம். பழசு, ஓடாதது, தாத்தா காலத்துச் சொத்து என்ற காரணமெல்லாம் சாங்கி விமான நிலையத்தில் எடுபடாது. பெரியம்மாவும் அதை அலமாரியில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அங்குள்ள காவல் நிலையத்துக்கோ உரிமம் பெற்ற துப்பாக்கிக் கடைக்கோ முதலில் தகவல் சொல்லட்டும்.

சரி, கடைக்காரர் விஷயத்துக்கு வருவோம். குழல் மாற்றியது என்று அவர் சொன்னது சரி. இரும்பு விலை என்றதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

உங்கள் படத்தில் இருப்பது மார்ட்டினி கேடட் என்ற துப்பாக்கி. 1911-இல் ஆஸ்திரேலியாவில் சிறுவர்களுக்குக் கட்டாய ராணுவப் பயிற்சி தொடங்கியது. அந்தப் பையன்களுக்கென்று இங்கிலாந்தின் பர்மிங்ஹாமில் பி.எஸ்.ஏ., கிரீனர் ஆகிய நிறுவனங்கள் செய்துகொடுத்த சின்னத் துப்பாக்கி இது. கங்காரு முத்திரை அந்நாட்டு அரசின் அடையாளம். அப்போது அதன் அளவு .310 அங்குலம், அதாவது குழலின் துளை ஏறத்தாழ 8 மில்லிமீட்டர். பயிற்சி நின்றபின் இவை பொதுமக்களுக்கு விற்கப்பட்டன. .310 தோட்டா கிடைப்பது அரிதாக ஆக, பலர் வேறு அளவுக்கு மாற்றிக்கொண்டார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் ஸ்போர்ட்கோ நிறுவனம் அந்த வேலையை நிறையச் செய்தது. ஆக, உங்களிடம் இருப்பது போலி அல்ல, இரண்டாவது வாழ்க்கை வாழ்ந்த துப்பாக்கி. கலப்பில்லாத அசல்தான் வேண்டும் என்கிற சேகரிப்பாளர் இதற்குக் குறைவாகத்தான் கொடுப்பார். அது அவர் ரசனை.

மாற்றத்தை எப்படி உறுதி செய்வது? துப்பாக்கி காலியாக இருக்கிறதா என்று உரிமம் உள்ள ஒருவர் பார்த்தபிறகு, கீழே உள்ள லீவரை இறக்கச் சொல்லுங்கள். உள்ளே ஓர் இரும்புக் கட்டை சாயும். அதன் முகத்தில், தோட்டாவைத் தட்டும் ஊசி வெளிவரும் துளை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். .310 தோட்டாவை நடுவில் தட்டவேண்டும், .22-ஐ விளிம்பில் தட்டவேண்டும். எனவே மாற்றிய துப்பாக்கியில் பொதுவாகத் துளை நடுவிலிருந்து விலகியிருக்கும், பழைய துளையை அடைத்த வட்டமான தழும்புகூடத் தெரியலாம். எனக்கு இதைப் பார்ப்பதில் தனி மகிழ்ச்சி. யாரோ ஒரு மெக்கானிக் ஒரு மில்லிமீட்டர்கூடப் பிசகாமல் செய்த வேலை அது.

அப்புறம் துரு. பழைய .22 தோட்டாக்களின் பற்றவைப்பு மருந்தில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. சுட்டதும் அது ஒருவகை உப்பாகக் குழலுக்குள் படியும். நம் ஊர்ச் சமையலறையில் மூடாத உப்பு ஜாடி கசிவதைப் போல அந்த உப்பும் ஈரத்தை இழுக்கும். அன்றே கழுவித் துடைக்காவிட்டால் குழல் அரித்துவிடும். துரு ஏற்றாத மருந்து பரவலானது 1920-களுக்குப் பிறகுதான். அதனால் பழைய .22 குழலில் கரும்புள்ளிகள் இருந்தால் நான் பதறுவதில்லை. லேசான புள்ளி உள்ள குழலிலிருந்தும் குண்டு இலக்கில் நன்றாகவே விழும்.

நான் முதலில் பார்ப்பது குண்டு வெளிவரும் முனையைத்தான். மார்ட்டினியின் அமைப்பினால் பின்பக்கமிருந்து நேராகக் கம்பி விட முடியாது, முனை வழியாகத்தான் துடைக்கவேண்டும். எண்பது வருடம் கம்பி உரசினால் வாயின் வட்டம் ஒரு பக்கம் முட்டை வடிவில் தேய்ந்திருக்கும். குண்டு கடைசியாகத் தொட்டுவிட்டுப் போகும் இடம் அது. அங்கே கோணல் இருந்தால் குறி தவறும். லென்ஸ் வைத்துப் பார்க்கும்போது துளையைச் சுற்றி மெல்லிய இன்னொரு வளையம் தெரிந்தால், உள்ளே புதுக்குழாய் செருகியிருக்கிறார்கள் என்று பொருள். பர்மிங்ஹாமின் பார்க்கர்-ஹேல் போன்ற நிறுவனங்கள் இதில் பேர்போனவையாக இருந்தன. நல்ல கையால் செய்யப்பட்டிருந்தால் அது குறையே இல்லை. பின்பக்கம் வெள்ளைத்தாள் வைத்து வெளிச்சம் விட்டு உள்ளே பார்க்கும்போது ஓரிடத்தில் மட்டும் இருண்ட மோதிரம் தெரிந்தால்தான் கவலை. சிக்கிய குண்டின் பின்னால் இன்னொன்றைச் சுட்டதில் குழல் வீங்கிய இடம் அது. அப்படி ஒன்று இருந்தால் கடைக்காரர் சொன்ன விலைதான்.

பெரியம்மாவிடம் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்லுங்கள்: பளபளப்பாக்க வேண்டாம். இளவயதில் வெளிநாட்டில் ஒரு கிளப்பில் உதவிக்குப் போனபோது, பழைய மார்ட்டினி ஒன்றை உப்புத்தாளால் 'அழகாக்கி', பாதி முத்திரையை அழித்துவிட்டேன். கிளப் பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை, தேய்ந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துவிட்டு ரேக்கில் வைத்துவிட்டுப் போனார்.

நினைவுக்கு ஏதாவது வேண்டும் என்றீர்கள் அல்லவா? துப்பாக்கியைக் கொடுப்பதற்கு முன், அந்தக் கங்காருவின் மேல் மெல்லிய தாள் வைத்துப் பென்சிலால் தேய்த்தெடுக்கச் சொல்லுங்கள், பள்ளியில் நாணயத்தை வைத்து நாம் செய்வோமே, அதுபோல. தபாலில் வரும், உரிமம் வேண்டாம்.