பிளாஸ்டிக்கில் எலும்புத் தாது படியுமா? கேள்வி பதில்

எலும்பு இம்ப்ளான்டுக்கான பாலிமர்களின் மேற்பரப்பை மாற்றி, அதில் தாது படிய வைப்பதுதான் என் வேலை. கிண்டியில் ஒரு ஆய்வகத்தில் பதினோரு வருடமாக இதில் இருக்கிறேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

பிளாஸ்டிக்கில் எதுவும் ஒட்டாதே, எலும்புத் தாது மட்டும் எப்படிப் படியும்? (வேளச்சேரி)

வீட்டில் போர் தண்ணீர்தானே? பாத்ரூம் வாளியைப் பாருங்கள். புது வாளியில் வெள்ளை சட்டென்று பிடிப்பதில்லை. கீறல் விழுந்த இடத்தில்தான் முதலில் பிடிக்கும், அப்புறம் அங்கிருந்து பரவும். வாளியில் படிவது கால்சியம் கார்பனேட், எலும்பில் இருப்பது கால்சியம் பாஸ்பேட். பொருள் வேறு என்றாலும், கரைசலில் சரக்கு இருந்தால் மட்டும் போதாது, படிய ஒரு இடமும் வேண்டும் என்பது இரண்டுக்கும் பொது. நம் இரத்தநீரில் கால்சியமும் பாஸ்பேட்டும் ஏற்கெனவே படியக்கூடிய அளவைத் தாண்டித்தான் இருக்கின்றன. ஃபெட்டுயின் போன்ற புரதங்கள் தடுப்பதால் கண்ட இடத்தில் படிவதில்லை.

பாலிமரில் அந்த இடத்தை நாமே உண்டாக்குகிறோம். பிஎல்ஏ, பிசிஎல் போன்ற, உடம்பில் மெதுவாகக் கரையும் பாலிமர்களைக் காஸ்டிக் சோடா கரைசலில் கொஞ்ச நேரம் வைத்தால், மேற்பரப்பில் மட்டும் சங்கிலிகள் அறுந்து கார்பாக்சில் குழுக்கள் வெளியே வரும். அவை எதிர்மின் கொண்டவை. நேர்மின் கொண்ட கால்சியம் வந்து உட்காரும், அதைத் தேடிப் பாஸ்பேட் வரும். முதலில் ஒழுங்கில்லாத கால்சியம் பாஸ்பேட்டாகச் சேர்ந்து, மெதுவாக அபடைட் என்னும், எலும்புத் தாது வகைப் படிகமாக மாறும். காஸ்டிக்கில் ரொம்ப நேரம் விட்டால் பொருளே மெலிந்து பலம் போய்விடும், அதில் கவனம் வேண்டும்.

டைட்டானியம் இருக்கும்போது பாலிமர் எதற்கு? (அம்பத்தூர்)

டைட்டானியத்தின் விறைப்பு சுமார் 110 கிகாபாஸ்கல். கெட்டி எலும்புக்கு ஏறக்குறைய 20, பீக் பாலிமருக்கு 3 முதல் 4. உலோகம் ரொம்ப விறைப்பாக இருந்தால் பாரத்தை அதுவே தாங்கிக்கொள்ளும். வேலை இல்லாத எலும்பு நாளடைவில் தேயும். பீக்கில் எக்ஸ்ரே ஊடுருவும் என்பதால், எலும்பு கூடுகிறதா என்று மருத்துவர் தெளிவாகப் பார்க்கலாம். அதன் குறை, எலும்பு அதோடு ஒட்டாது என்பதுதான். மேற்பரப்பை மாற்றுவது அதற்காகத்தான்.

பீக்கை அடர் கந்தக அமிலத்தில் முக்கினேன், நன்றாகத் துளை விழுந்தது. ஆனால் செல்கள் செத்துப் போகின்றன, ஏன் அக்கா? (குரோம்பேட்டை, எம்.டெக். மாணவி)

அந்தத் துளைகளுக்குள் அமிலம் தங்கியிருக்கும், மேலாகக் கழுவினால் போகாது. அசிட்டோனில் ஒருமுறை, நீரில் பலமுறை கழுவிவிட்டு, மூடிய கலனில் 120 டிகிரியில் நீரோடு வைத்து எடுங்கள். மிச்சக் கந்தகம் வெகுவாகக் குறையும். அதன்பின் செல் சோதனை செய்யுங்கள்.

எஸ்பிஎஃப் கரைசல் மூன்று முறையும் பால் மாதிரி ஆகிவிட்டது. எங்கே தப்பு அண்ணா? (தாம்பரம்)

அண்ணா இல்லை, அக்கா. பரவாயில்லை, தம்பி. தெரியாதவர்களுக்காக: எஸ்பிஎஃப் என்பது இரத்தநீரின் உப்பு அளவுகளைப் போலச் செய்த, புரதமில்லாத கரைசல். மாற்றிய பாலிமரை இதில் ஊறவைத்து, தாது படிகிறதா என்று பார்ப்போம். ஜப்பானின் கொகுபோ குழு 1990 வாக்கில் கொண்டுவந்தது. கால்சியம் லிட்டருக்கு 2.5 மில்லிமோல், பாஸ்பேட் 1, பிஹெச் 7.40, வெப்பம் 36.5 டிகிரி.

தப்பு பெரும்பாலும் அவசரத்தில்தான். ஒரு உப்பு முழுதாகக் கரைந்த பிறகே அடுத்ததைப் போட வேண்டும். பிஹெச்சை நிலையாக வைக்கும் டிரிஸ் தூளைச் சிட்டிகை சிட்டிகையாகச் சேருங்கள். மொத்தமாகக் கொட்டினால் அந்த இடத்தில் பிஹெச் எகிறி, கண்ணெதிரே வெள்ளையாகும். கண்ணாடிப் பீக்கர் வேண்டாம், கீறலில்லாத பிளாஸ்டிக்கில் செய்யுங்கள். அப்புறம் நம்ம ஊர்ப் புழுக்கம், இது பால் ஆக்காது, அளவைத்தான் கெடுக்கும். கால்சியம் குளோரைடு பாட்டிலைத் திறந்து வைத்துவிட்டுத் தராசுப் பக்கம் போய் வருவதற்குள் உருண்டைகள் பளபளவென்று ஈரமாகிவிடும். நீங்கள் நிறுப்பதில் பாதி தண்ணீராகக்கூட இருக்கலாம். உலர்த்தி, டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடிய கலனில்) வைத்து, சட்டென்று எடை பார்த்து மூடுங்கள்.

எஸ்பிஎஃப்பில் போட்டு இரண்டே நாளில் மேற்பரப்பு முழுக்க வெள்ளைப் படிகம். ஹைட்ராக்சிஅபடைட் என்று எழுதலாமா மேடம்? (அதே தாம்பரத்திலிருந்து இன்னொருவர்)

எழுதாதீர்கள், முதலில் மின்னணு நுண்ணோக்கிப் படத்தைப் பாருங்கள். கனசதுரமாக, விளிம்பு கூராக, டப்பா டப்பாவாக இருந்தால் அது சாதா உப்பு. எடுத்தவுடன் காய்ச்சி வடித்த நீரில் அலசாமல் காயவிட்டால் இப்படி வரும். அபடைட் பெரும்பாலும் காலிஃபிளவர் மாதிரி உருண்டை உருண்டையாக இருக்கும். கிட்டே போனால் ஒவ்வொரு உருண்டையும் மெல்லிய செதில்களால் ஆனது தெரியும். இப்படி ஒரு உப்புப் படத்தை ஆய்வேட்டில் ஒட்டும் நிலைவரை கொண்டுவந்த மாணவியோடு உட்கார்ந்து, அதே துண்டை அலசித் திரும்ப எடுத்தேன். திரையில் வெறும் பாலிமர்தான் இருந்தது. அழுதுவிட்டாள். எனக்கும் கஷ்டமாக இருந்தது, ஆனால் அன்றைக்குத் தெரிந்தது நல்லது.

எக்ஸ்ரே விளிம்பு விளைவில் (படிகம் எக்ஸ்ரேயை எந்தக் கோணங்களில் சிதறடிக்கிறது என்று பார்க்கும் சோதனை) 26 டிகிரியிலும் 32 டிகிரியை ஒட்டியும் அபடைட்டின் முனைகள் தெரியும். அவை அகன்று மழுங்கியிருந்தால் கவலை வேண்டாம், எலும்பில் உள்ளதும் அப்படித்தான். கால்சியத்துக்கும் பாஸ்பரஸுக்கும் உள்ள விகிதம் சரியாக 1.67 வர வேண்டும் என்று அடம் பிடிக்காதீர்கள். எலும்பு போன்ற அபடைட்டில் கார்பனேட் கலந்திருக்கும், கால்சியமும் கொஞ்சம் குறைவாக இருக்கும்.

முழங்கால் மாற்று செய்திருக்கிறேன். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக்கிலும் சுண்ணாம்பு படியுமா? (மயிலாப்பூர், 68 வயது)

பயப்படாதீர்கள் அம்மா. அது வழுக்கிக்கொண்டே இருக்க வேண்டிய பாலிஎத்திலீன். தாதுவை இழுக்கும் குழுக்களை யாரும் அதில் சேர்ப்பதில்லை. நாங்கள் மாற்றுவது எலும்போடு ஒட்ட வேண்டிய பரப்பை மட்டும்.

இப்படிப் படிந்தால் அது நிஜ எலும்பு மாதிரி ஆகிவிட்டதா? (பெரம்பூர்)

இல்லை. எலும்பில் தாது கொலாஜன் நாருக்கு உள்ளேயே, சில நானோமீட்டர் தடிமனுள்ள தட்டுகளாகப் பின்னிக் கிடக்கிறது. அந்தக் கொலாஜனின் மூவிழை அமைப்பை 1954-இல் முன்வைத்தவர்கள் நம் மெட்ராஸ் பல்கலைக்கழகத்தின் ஜி.என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும். ஆய்வகத்தில் நமக்குக் கிடைப்பது சுவருக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி மேலே ஒரு பூச்சு. டேப் ஒட்டிப் பிய்த்தால் உரிந்து வருகிறதா என்று கட்டாயம் பாருங்கள். பலர் விட்டுவிடும் சோதனை இது. எனக்கு இதுதான் முக்கியம்.

எஸ்பிஎஃப்பில் படிந்தால் உடம்பில் எலும்பு ஒட்டும் என்று உறுதியாகச் சொல்லலாமா? (அடையாறு)

சொல்ல முடியாது. எலும்புக் குறையை நிரப்பப் பயன்படும் பீட்டா டிரைகால்சியம் பாஸ்பேட் பல சமயம் எஸ்பிஎஃப்பில் அபடைட் தராது, ஆனால் உடம்பில் எலும்போடு நன்றாக ஒட்டும். 2009-இல் போனர், லெமேத்தர் என்ற ஆய்வாளர்கள் இந்தச் சோதனையையே கேள்விக்குள்ளாக்கி எழுதினார்கள். பத்து மாதிரிகளில் எதை முதலில் செல் சோதனைக்கு அனுப்புவது என்று தேர்ந்தெடுக்க மட்டும் நான் எஸ்பிஎஃப்பை வைத்துக்கொள்கிறேன். பிளாஸ்மாவில் (இரத்தநீர் அல்ல, மின்னேறிய வாயு) மேற்பரப்பை மாற்றிய துண்டுகளாக இருந்தால் அன்றைக்கே முக்கிவிடுங்கள். நாள் போகப் போக, தாதுவை இழுக்க அதில் உண்டாக்கிய குழுக்கள் உள்பக்கம் திரும்பிக்கொள்ளும். போன வாரத் துண்டில் வந்த முடிவை இன்றைய துண்டோடு ஒப்பிட முடியாது.