பச்சை கார்னெட்: எதை நகையில் பதிப்பது, எதைப் பெட்டியில் வைப்பது?

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "என் அப்பா வெள்ளைக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். சுரங்கப் பக்கமும் ஏற்காடு அடிவாரத்திலும் பொறுக்கிய பச்சைக் கற்களை ஒரு டப்பா நிறைய வைத்திருக்கிறார். எல்லாமே பச்சை கார்னெட் என்பார். அதைப் பார்த்துத்தான் எனக்கும் கல் சேர்க்கும் ஆசை வந்தது. ஜெய்ப்பூரிலிருந்து வாங்கிய சாவரைட் என்ற பச்சை கார்னெட் ஒன்று, ஒரு காரட்டுக்குச் சற்றுக் கூடுதல், என்னிடம் இருக்கிறது. டெமன்டாய்ட் என்ற இன்னொரு வகைப் பச்சை கார்னெட்டும் சிறியதாக இரண்டு உண்டு. மகளுக்கு மோதிரமும் தோடும் செய்ய ஆசை. அப்பாவின் கல் ஒன்றையும் சேர்க்கலாமா? செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான பத்தர், எல்லாவற்றையும் 916-லேயே பின்பக்கம் மூடிக் கட்டிவிடலாம் என்கிறார். செய்யலாமா?"

நேரான பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். சாவரைட் மோதிரத்துக்கு, டெமன்டாய்ட் இரண்டும் தோட்டுக்கு. பின்பக்கத்தை மூட வேண்டாம். அப்பாவின் கற்களைப் பதிக்க வேண்டாம், அவற்றை அப்படியே பத்திரப்படுத்துங்கள்.

அப்பாவின் டப்பாவிலிருந்து தொடங்குவோம். மாமாங்கம், கருப்பூர் பக்கத்து வெள்ளைக்கல் என்பது மாக்னசைட். அது துனைட் என்ற பாறைக்குள் வெள்ளை நரம்புகளாக ஓடுகிறது. துனைட்டின் பெரும்பகுதி ஒலிவின் என்ற பச்சைக் கனிமம். நீரும் வெப்பமும் பட்டு அது மாறினால் செர்ப்பன்டைன் ஆகும், அதுவும் பச்சைதான். ஆகவே அந்த மண்ணில் பச்சைக்குப் பஞ்சமே இல்லை. ஒரு கல்லை எடுத்து, மூலையில் பேனாக்கத்தியின் முனையை அழுத்தி இழுத்துப் பாருங்கள். கோடு பள்ளமாக விழுந்து வெள்ளைப் பொடி உதிர்ந்தால் செர்ப்பன்டைன். கத்தி கீறாமல், கல்லே சர்க்கரைக் கட்டி போலக் குருணை குருணையாக உதிர்ந்தால் பெரும்பாலும் ஒலிவின். கண்ணாடி போல மினுங்குகிற பச்சைத் துண்டுகள் இருந்தால் லென்ஸ் வைத்துப் பாருங்கள். உள்ளே உருண்டைக் குமிழ்கள் தெரிந்தால் அது உருகிய பொருள்: உடைந்த பாட்டிலாக இருக்கலாம், பழைய இரும்பு உலையின் கசடாகவும் இருக்கலாம். கஞ்சமலை இரும்பை உருக்கிய மாவட்டம் இது, அந்தக் கசடு இன்றும் மண்ணில் கிடக்கிறது.

ஏற்காட்டில் கார்னெட் இல்லையா என்றால், உண்டு. சேர்வராயன் மலையின் சார்னகைட் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழையது. அந்தப் பாறைக்கே ஒரு எண்ணெய்ப் பிசுக்கான கரும்பச்சைச் சாயல் இருக்கும். அதனுள்ளும் அதை ஒட்டிய பாறைகளிலும் வரும் கார்னெட் மட்டும் செம்பழுப்பு நிறம். அங்கே பச்சையாகத் தெரிவது பாறை, சிவப்பாகத் தெரிவது கார்னெட். குரோமைட் என்ற குரோமியத் தாது இருக்கும் பாறைகளில் உலகின் சில இடங்களில் உவரோவைட் என்ற பச்சை கார்னெட் வளர்கிறது. ரஷ்யாவின் யூரல் மலையில் கிடைப்பது அதில் பேர்போனது. அதுகூடக் கல்லின் மேல் பச்சைப் பொடி தூவியது போன்ற மிகச் சிறு படிகங்கள்தான். பட்டை தீட்டும் அளவுக்கு வளர்வது அரிது. அப்பாவின் டப்பாவில் அப்படி மினுமினுக்கும் மேல்படிவு உள்ள கல் ஏதாவது இருந்தால், பல்கலைக்கழகப் புவியியல் துறையில் ஒருவரிடம் காட்டுங்கள். நகைக்காக இல்லை, அது என்னவென்று தெரிந்துகொள்வதற்காக. ஒவ்வொரு கல்லுக்கும் எங்கே, எந்த ஆண்டு எடுத்தது என்று அப்பாவிடம் கேட்டுச் சீட்டு எழுதி ஒட்டிவிடுங்கள். இடம் தெரியாத கல் சேகரிப்பில் பாதிக் கல்தான். அவர் நினைவோடு இருக்கும்போதே செய்ய வேண்டிய வேலை இது. (இன்று நீங்களே பொறுக்கப் போவதாக இருந்தால், காப்புக்காட்டிலும் சுரங்கக் குத்தகை நிலத்திலும் அனுமதியில்லாமல் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. கைவிட்ட குழிகளின் ஓரம் சரியக்கூடியது, அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.)

இனி உங்கள் மூன்று கற்கள். நம் வீடுகளில் ராகுவுக்குப் போடும் கோமேதகம் கார்னெட் குடும்பம்தான். அதில் குரோசுலர் என்ற பிரிவு. சாவரைட்டும் அதே குரோசுலர். கோமேதகத்துக்குத் தேன் நிறம் தருவது இரும்பு, சாவரைட்டுக்குப் பச்சை தருவது வனேடியமும் குரோமியமும். 1967-ல் தான்சானியாவில் கேம்பல் பிரிட்ஜஸ் என்ற புவியியலாளர் அதைக் கண்டெடுத்தார். பிறகு கென்யாவிலும் அவரே கண்டுபிடிக்க, 1974-ல் டிஃப்பனி நிறுவனம் சாவோ தேசியப் பூங்காவின் பெயரைச் சூட்டி விற்பனைக்குக் கொண்டுவந்தது. மரகதத்தின் வயதோடு ஒப்பிட்டால் நகைக்கடைக்கு நேற்று வந்த கல் இது. அதனால்தான் நம் ஊர்க் கடைகளில் பலருக்குப் பரிச்சயம் இல்லை. நிலத்துக்குள் பெரும்பாலும் உருண்டைக் கட்டிகளாக வளர்வதாலும், அவற்றில் விரிசல் அதிகம் என்பதாலும், வெட்டிய பின் 2 காரட்டுக்கு மேல் சுத்தமான கல் கிடைப்பது கடினம். உங்களுடைய ஒரு காரட் கல் மரியாதையான அளவு.

டெமன்டாய்ட் வேறு பிரிவு, ஆண்ட்ரடைட். 19-ஆம் நூற்றாண்டில் யூரல் மலையில் கிடைத்தது. இப்போது நமீபியா, மடகாஸ்கர், ஈரான், இத்தாலியிலிருந்தும் வருகிறது. ஒளியை வானவில்லாகப் பிரிக்கும் திறனில் வைரத்தையே மிஞ்சும்: வைரத்துக்கு 0.044, டெமன்டாய்டுக்கு 0.057. லென்ஸில் பார்க்கும்போது ஒரு புள்ளியிலிருந்து பொன்னிற இழைகள் வளைந்து விரிந்தால் அதைக் குதிரைவால் என்பார்கள். உள்ளே சிக்கிய கல்நார் இழை அது. பெரும்பாலான கற்களில் உள்ளிருக்கும் குறை விலையைக் குறைக்கும், இதில் நல்ல குதிரைவால் விலையைக் கூட்டும். எல்லா ஊர் டெமன்டாய்டிலும் அது இருக்காது. நமீபியக் கல்லில் பொதுவாகக் காண முடியாது, ஆகவே இல்லையென்றால் போலி என்று பயப்பட வேண்டாம்.

பச்சை கார்னெட் மேல் எனக்கு மதிப்பு வருவதற்குக் காரணம் அதன் நேர்மை. சந்தைக்கு வரும் மரகதங்களில் மிகப் பெரும்பாலானவை எண்ணெயோ பிசினோ ஏற்றி விரிசல் மறைத்தவை. சாவரைட்டுக்கு அப்படி எதுவும் செய்வது வழக்கமில்லை, மண்ணில் விளைந்த நிறமே விரலில் இருக்கிறது. டெமன்டாய்டில் சிலவற்றை மட்டும் நிறம் திருத்தச் சூடேற்றுகிறார்கள். அதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கல் அசலா என்று வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். 10 மடங்கு லென்ஸில் மேல்பட்டை வழியாகக் கீழ்ப்பட்டைகளின் ஓரக்கோடுகளைப் பாருங்கள். ஒவ்வொரு கோடும் இரட்டையாகத் தெரிந்தால் அது பெரிடாட் போன்ற வேறு கல், கார்னெட் இல்லை. கார்னெட்டில் கோடு ஒற்றையாகவே இருக்கும். சக்திவாய்ந்த நியோடிமியம் காந்தத்தை அருகில் கொண்டுபோனால், தெர்மகோல் மேல் வைத்து நீரில் மிதக்கவிட்ட டெமன்டாய்ட், இரும்பு அதிகம் என்பதால், காந்தத்தை நோக்கி நகரும். சாவரைட் பெரும்பாலும் அசையாது அல்லது சற்றே அசையும். பழைய நகையிலிருந்து கழற்றிய பச்சைக்கல் வாங்கினால், வெள்ளைத்தாளில் குப்புற வைத்துப் பாருங்கள். விளிம்பைச் சுற்றிச் சிவப்பு வளையம் தெரிந்தால், மேலே மெல்லிய சிவப்பு கார்னெட், கீழே பச்சைக் கண்ணாடி ஒட்டிய இரட்டைக்கல் அது. ஆனால் சாதாரணக் கண்ணாடியும், ஆய்வகத்தில் செய்த யாக் (YAG) என்ற பச்சைக் கல்லும் இந்தச் சோதனைகள் சிலவற்றில் தப்பித்துவிடும். நல்ல விலை கொடுத்த கல்லுக்கு ஜெய்ப்பூரில் முன்பு ஜெம் டெஸ்டிங் லேபரட்டரி என்று இருந்த IIGJ ஆய்வகம் போன்ற இடத்தின் சான்றிதழ் வாங்குவதில் சிக்கனம் பார்க்காதீர்கள். ஒளிவிலகல் எண் சாவரைட்டுக்கு 1.74 சுமார், டெமன்டாய்டுக்கு 1.88 சுமார், மரகதத்துக்கு 1.58 சுமார். ஆய்வகத்தில் ஒன்றை இன்னொன்றாகக் குழப்பவே முடியாது. புதனுக்கு மரகதத்துக்குப் பதில் இதைப் போடலாமா என்பது உங்கள் நம்பிக்கையையும் ஜோசியரையும் சார்ந்தது. கனிமமாகப் பார்த்தால் இரண்டும் வேறு வேறு.

பதிக்கும் முன் வெட்டையும் பாருங்கள். செய்தித்தாள் எழுத்தின் மேல் கல்லை நேராக வைத்துக் குனிந்து பாருங்கள். நடுவில் எழுத்தை வாசிக்க முடிந்தால் ஒளி திரும்பாமல் கீழே வழிந்து போகிறது என்று பொருள். எடையைக் காப்பாற்ற அடியை மெலிசாக வெட்டிய கல்லில் இது நடக்கும். நிறத்தைக் கடை விளக்கில் தீர்மானிக்காமல் காலை வெளிச்சத்தில் வாசலில் வைத்துப் பாருங்கள். சில சாவரைட் விளக்கில் கொழுந்துப் பச்சையாக இருந்து நிழலில் கறுத்துப்போகும்.

இப்போது பத்தர் சொன்னது. பின்பக்கம் மூடி, மினுங்கும் தாள் வைத்துக் கட்டுவது நம் கெம்பு நகைக்கு ஏற்ற முறை. தட்டையாகத் தீட்டிய கல்லுக்கு அது ஒளி கொடுக்கிறது. முழுப்பட்டை போட்ட சாவரைட்டுக்கு அது தேவையில்லை, கெடுதலும்கூட. கல் கறுப்புச் சாயலாக இருந்தால் இன்னும் கறுக்கும். குளிக்கும்போது உள்ளே போகும் நீரும் சோப்பும் வெளியே வராது, கழுவவும் வழியில்லை. ஓப்பன் செட்டிங் கேளுங்கள்.

916 பற்றியும் ஒரு சொல். 22 காரட் தங்கம் மென்மையானது. கல்லைச் சுற்றிப் பட்டையாக அணைத்துக் கட்டினால் 916 போதும். நான்கு கால் வைத்துப் பிடிக்கும் மோதிரம் என்றால் கால்கள் நாளடைவில் வளைந்துவிடும், 18 காரட் நல்லது. 750 என்று ஹால்மார்க் முத்திரையோடு அதற்கும் வரும். வீட்டுப் பெரியவர்கள் 22-க்குக் குறைந்து சம்மதிக்க மாட்டார்கள் என்றால் தயங்காமல் சுற்றுப்பட்டை போட்டு, அடியைத் திறந்து வையுங்கள். தினமும் போடும் மோதிரத்துக்கு என் தேர்வும் சுற்றுப்பட்டைதான். சாவரைட்டின் கடினம் 7 முதல் 7.5, டெமன்டாய்ட் 6.5 முதல் 7. நம் தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் மணல் 7. விரலில் போட்ட டெமன்டாய்டின் பட்டை ஓரங்கள் சில ஆண்டுகளில் மழுங்கிவிடும். காதில் உராய்வு குறைவு, அதனால்தான் தோட்டுக்கு வையுங்கள் என்றேன். சேலத்துக்காரர்களுக்குக் கொலுசில் பதிக்கும் ஆசை எழும். கார்னெட்டை அங்கே வைக்காதீர்கள், தரையிலும் படியிலும் இடிபடும் இடம் அது.

நெருப்பு இதைவிட முக்கியம். கல் பதித்த பிறகு பற்றவைப்பு வேலை எதுவும் செய்யக் கூடாது. திடீர்ச் சூட்டில் கார்னெட் விரிசல் விட்டுவிடும், உள்ளே இழையுள்ள டெமன்டாய்ட் இன்னும் எளிதாக. எல்லாப் பற்றவைப்பு வேலையும் முடித்து, மெருகு போட்டு, கடைசியாகக் கல். பிற்காலத்தில் மோதிரத்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ கொடுத்தாலும், கல்லைக் கழற்றிவிட்டுத்தான் நெருப்பு காட்ட வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள்.

கல்லைக் கையில் கொடுக்கும் முன் பத்தர் எதிரிலேயே எடை போட்டு, நீள அகலத்தை மில்லிமீட்டரில் அளந்து, காரட்டும் சென்டும் சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்திடுங்கள். லென்ஸின் மேல் போன் கேமராவை வைத்து உள்ளிருக்கும் கோட்டையும் புள்ளியையும் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அந்தக் குறி ஒரு கல்லுக்கு ஒன்றுதான் இருக்கும். இது சந்தேகம் இல்லை, இரு தரப்புக்கும் நிம்மதி. பில்லில் தங்கத்தின் நிகர எடை தனி, கல் எடை தனி என்று எழுதச் சொல்லுங்கள். கல் எடைக்கும் சேர்த்துத் தங்க விலை கொடுத்துவிடக் கூடாது.

கழுவுவதற்கு வெதுவெதுப்பான நீர், கொஞ்சம் சோப்பு அல்லது பூந்திக்கொட்டை நீர், குழந்தைகளுக்கான மெல்லிய பல்துலக்கி போதும். பல்பொடியும் சாம்பலும் வேண்டாம். கடைகளின் அல்ட்ராசோனிக் தொட்டியும் நீராவியும் வேண்டாம். அடிப்பக்கத்தில் எண்ணெயும் சந்தனமும் ஒட்டினால் கல் சோர்ந்துபோகும், அதைத் துடைத்தாலே பாதிப் பொலிவு திரும்பும். அவ்வப்போது நகையைக் காதருகே பிடித்து விரலால் லேசாகத் தட்டிப் பாருங்கள். உள்ளே கல் ஆடும் சத்தம் கேட்டால், அன்றைக்கே பத்தரிடம் கொண்டுபோங்கள், அதுவரை போட்டுக்கொண்டு வெளியே போகாதீர்கள்.