ஊசி போடும் முன் எதற்கு இத்தனை தியரி?

ஆச்சி, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. மகள் பி.எஸ்சி நர்சிங் சேர்ந்து முதல் செமஸ்டர் முடியப் போகிறது. லீவுக்குக் காரைக்குடி வந்தவள் ஊசி, கட்டு என்று எதையும் பேசாமல், நைட்டிங்கேல், ஹெண்டர்சன், ஓரம் என்று நர்சிங் தியரி எழுதியவர்களின் பெயர்களை மனப்பாடம் செய்கிறாள். 'இதுக்கா இவ்வளவு ஃபீஸ்? ஒரு வருஷ சர்டிஃபிகேட் கோர்ஸுக்கு மாத்திரலாமா?' என்று கேட்கிறீர்கள்.

மாற்ற வேண்டாம். ஏ.என்.எம். (துணை நர்ஸ் படிப்பு), ஜி.என்.எம். (நர்சிங் டிப்ளமோ), பி.எஸ்சி போன்ற அங்கீகாரம் பெற்ற படிப்பு முடித்தவர்களைத்தான் தமிழ்நாடு நர்ஸ்கள் மற்றும் மருத்துவச்சிகள் கவுன்சில் பதிவு செய்யும். அந்தப் பதிவு இல்லையென்றால் அரசு வேலையும் இல்லை, வெளிநாடும் இல்லை. ஒரு வருஷ கோர்ஸின் சுவரொட்டியில் என்ன போட்டிருந்தாலும் சரி.

ஊசி போடுவது கைப்பழக்கம். லேபில் பொம்மைக்குப் போட்டுப் பழகி, அப்புறம் வார்டில் சீனியர் பக்கத்தில் நின்று செய்து, தானாக வந்துவிடும். ஆனால் நோயாளியின் கட்டில் அருகே நிற்கும்போது எதைப் பார்க்க வேண்டும், எதை முதலில் செய்ய வேண்டும் என்பது பழக்கத்தால் மட்டும் வராது. தியரி வேலை செய்யும் இடம் அதுதான்.

பிரிட்டிஷ் நர்ஸ் ஃப்ளோரன்ஸ் நைட்டிங்கேலிலிருந்தே பார்ப்போம். 1854-இல் கிரிமியப் போரின்போது முப்பத்தெட்டு பெண்களோடு துருக்கியிலிருந்த ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போனார். அந்தப் போரில் குண்டடிபட்டுச் செத்தவர்களைவிட, நோய் வந்து செத்த சிப்பாய்கள்தான் அதிகம். அடைத்துக் கிடந்த சாக்கடை, காற்றில்லாத வார்டு, அழுக்கு. 1855-இல் சாக்கடையைச் சுத்தம் செய்து காற்றோட்டத்துக்கு வழி பண்ணிய பிறகு சாவு குறைந்தது. ஊர் திரும்பியதும் அந்தச் சாவுக் கணக்குகளை வரைபடமாகப் போட்டு அரசாங்கத்தையே ஒத்துக்கொள்ள வைத்தார். கையில் விளக்கோடு நிற்கும் படத்தை மாட்டுகிறவர்கள் அந்தக் கணக்குப் புத்தியைச் சொல்வதில்லை. எனக்கு அதில் எப்போதும் ஒரு வருத்தம் உண்டு. காற்று, வெளிச்சம், சுத்தம், அமைதி, நல்ல சாப்பாடு இவற்றைச் சரியாக அமைத்துக் கொடுத்தால் உடம்பு தன்னைத் தானே சரிசெய்துகொள்ளும் என்பது அவர் கொள்கை. நடு வளவில், அதாவது முற்றத்தில், வெயில் விழ, முகப்பிலிருந்து பின்கட்டு வரை நேர்க்காற்று ஓடும் வீட்டில் வளர்ந்தவளுக்கு இதைப் புரியவைக்க யாரும் மெனக்கெட வேண்டாம்.

1860-இல் லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் அவர் பெயரில் நர்சிங் பள்ளி தொடங்கியது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871-இல் பயிற்சி ஆரம்பமானது. நர்சிங்கில் பட்டப்படிப்பு என்று நம் நாட்டில் வந்தது 1946-இல், வேலூரிலும் டெல்லியிலும்.

இதற்கு நடுவே நீண்ட காலம் நர்ஸ் என்றால் டாக்டர் சொன்னதைச் செய்பவர் என்றே இருந்தது. அது மாறிய கதை எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்காவில் ஹில்டகார்ட் பெப்லாவ் என்ற நர்ஸ், நோயாளிக்கும் நர்ஸுக்கும் இடையிலான உறவே சிகிச்சையின் ஒரு பகுதி என்று புத்தகம் எழுதினார். 1948-லேயே எழுதி முடித்தாயிற்று; ஆனால் அச்சில் வந்தது 1952-இல். கூட ஒரு டாக்டர் பெயர் இல்லாமல் நர்ஸ் தனியாகப் புத்தகம் போடுவதா என்ற தயக்கம்தான் காரணம். நர்சிங் பல்கலைக்கழகத்துக்குள் நுழைந்த காலம் அது. 'உங்களுக்கென்று தனி அறிவு என்ன இருக்கிறது?' என்ற கேள்விக்கு நர்ஸ்கள் பதில் சொல்லியாக வேண்டியிருந்தது. மகள் மனப்பாடம் செய்யும் பெயர்களில் பாதி அந்தப் பதில்கள்தான்.

விர்ஜினியா ஹெண்டர்சன், மனிதருக்கு வேண்டிய அடிப்படைத் தேவைகளைப் பதினான்காக வகுத்தார். மூச்சு, சாப்பாடு, கழிவு, தூக்கம் என்று போகும் அந்த வரிசையில், தன் நம்பிக்கைப்படி சாமி கும்பிடுவதும் உண்டு. டோரத்தியா ஓரம் 1971-இல் எழுதிய புத்தகத்தில் வேறொரு கேள்வி: இந்த நோயாளி தன்னைத் தானே எவ்வளவு கவனித்துக்கொள்ள முடியும், குறைவது எவ்வளவு?

நம் ஊரில் வைத்தே பாருங்கள். தேவகோட்டையில் பெரிய வீடு, பிள்ளைகள் சிங்கப்பூரில், தனியாக இருக்கும் எண்பது வயது அப்பத்தா இடுப்பெலும்பு முறிந்து ஆபரேஷன் ஆகி வருகிறார். முதல் சில நாள் எல்லாமே நர்ஸ் செய்ய வேண்டும். அப்புறம் பாதி. பல் தேய்ப்பதும் சாப்பிடுவதும் அவரே, குளிக்க மட்டும் துணை. கடைசியில் வாக்கர் பிடிக்கவும் மாத்திரையை நேரத்துக்குப் போடவும் சொல்லிக்கொடுத்தால் போதும். ஓரம் சொன்ன மூன்று நிலைகளும் இதில் வந்துவிட்டன. தியரி தெரியாத நர்ஸ் பாசத்தில் ஆறு மாதமும் ஊட்டிவிட்டுக்கொண்டே இருப்பார். அப்பத்தா எழுந்து நடக்கவே மாட்டார். விபூதி பூசவில்லையே என்று அவர் சாப்பிடாமல் படுத்திருந்தால், ஹெண்டர்சன் படித்தவளுக்குக் காரணம் சட்டென்று பிடிபடும்.

எல்லாத் தியரியும் இப்படிக் கையில் நிற்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1970-இல் மார்த்தா ரோஜர்ஸ் மனிதரைச் சக்திப் புலமாக விளக்கினார். முதல் வருடப் பிள்ளைக்கு அது தலை சுற்றும். பரீட்சைக்கு வேண்டிய அளவு படித்துவிட்டு நகரட்டும், எம்.எஸ்சி வரும்போது பார்த்துக்கொள்ளலாம். பல வார்டுகளில் கேர் பிளான், அதாவது நோயாளிக்கு என்ன செய்வது என்று எழுதும் திட்டம், பேப்பரோடு நின்றுவிடுகிறது என்று சீனியர்கள் கிண்டல் செய்வார்கள். அதுவும் உண்மைதான்.

படிக்கும் முறையை மாற்றச் சொல்லுங்கள். பெயரும் வருடமும் ஒரு முறை எழுதிப் பார்த்தால் போதும். வார்டு போஸ்டிங்கில் பார்க்கும் ஒரே நோயாளியை எடுத்து, பெப்லாவ் என்ன கேட்டிருப்பார், ஓரம் என்ன கேட்டிருப்பார் என்று நோட்டில் எழுதட்டும்.

வேலைக்கும் இது நேராகப் பயன்படும். அமெரிக்கா போக எழுதும் என்கிளெக்ஸ் தேர்வு, 2023 ஏப்ரலிலிருந்து நர்ஸின் முடிவெடுக்கும் திறனை இன்னும் ஆழமாகச் சோதிக்கிறது. நாலு நோயாளிகளில் யாரை முதலில் பார்ப்பாய் என்பதுபோன்ற கேள்விக்கு ஊசி போடத் தெரிந்திருப்பது உதவாது. அரசு நர்ஸ் வேலைக்கு எய்ம்ஸின் நார்செட், நம் மாநில எம்.ஆர்.பி. (மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம்) தேர்வு எதை எழுதினாலும் முதல் வருட அடிப்படை கூடவே வரும்.

கை நடுங்குகிறது, எனக்கு வராது என்று மகள் சொன்னால் பயப்படாதீர்கள். பட்ரீசியா பென்னர் 1984-இல் எழுதியதே அதைப் பற்றித்தான்: புதியவர் வல்லுநராக ஐந்து படி ஏற வேண்டும், மகள் இப்போது முதல் படியில் இருக்கிறாள். நீங்கள் செய்ய வேண்டியது வேறொன்று. அவள் கல்லூரிக்கு இந்திய நர்சிங் கவுன்சிலின் அங்கீகாரமும் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பும் இந்த ஆண்டுக்கு நடப்பில் இருக்கிறதா என்று பாருங்கள். கல்லூரி அலுவலகத்தில் கேட்டு, நகல் வாங்கிப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.