மூளை இரத்தக்கசிவு: இரத்தப் பரிசோதனை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது? (வாசகர் கேள்வி, வைத்தியர் பதில்)

கேள்வி: அப்பாவுக்கு 62 வயது. மூளைக்குள் இரத்தம் கசிந்து பெரியாஸ்பத்திரியில் நாலு நாளாக இருக்கிறார். கனடாவில் இருக்கும் அண்ணா, "இப்ப ஒரு இரத்தப் பரிசோதனையிலேயே ஆள் தப்புமா எண்டு தெரியுமாம், காசு அனுப்பிறன், பிரைவேட்டில எடுங்கோ" என்கிறார். அப்படி ஒன்று இங்கே செய்யலாமா?
– வாசகி, சாவகச்சேரி

பதில்: அப்படியொரு ஒற்றைப் பரிசோதனை கனடாவிலும் இல்லை. அண்ணா கேள்விப்பட்டது பெரும்பாலும் ஜி.எஃப்.ஏ.பி. என்ற புரதமாக இருக்கும். நரம்புக் கலங்களுக்குத் துணையாக மூளையில் இருக்கும் அஸ்ட்ரோசைட் கலங்களுக்குள் அது உண்டு. கசிந்த இரத்தம் அந்தக் கலங்களைச் சிதைத்தால் சில மணி நேரத்திலேயே இரத்தத்தில் கூடும். கசிவு பெரிதென்றால் பொதுவாக அளவும் பெரிது. 2018 இல் அமெரிக்காவில் இதை இன்னொரு புரதத்துடன் சேர்த்து அளக்க அனுமதி கிடைத்தது உண்மை. ஆனால் அது தலையில் இலேசாக அடிபட்டு வருபவருக்கு சி.ரி. ஸ்கேன் தேவையா என்று பார்ப்பதற்கு. அப்பாவுக்கு ஸ்கேன் எடுத்தாகிவிட்டது. கசிவு எங்கே, எவ்வளவு என்பதைப் படமே நேரடியாகக் காட்டிவிட்டபோது, அதே சேதியை மறைமுகமாகச் சொல்லும் புரதத்தை நாலாம் நாள் அளந்து பெரிய பலன் இல்லை.

ஆய்வுகளில் அடிபடும் மற்றப் புரதங்களிலும் சிக்கல் உண்டு. எஸ்100பி மூளையில் மட்டுமல்ல, உடற்கொழுப்பிலும் உண்டு. இரத்தத்திலிருந்து விரைவாக மறைவதால் எத்தனையாம் மணிக்கு எடுத்தார்கள் என்பதைப் பொறுத்து எண் மாறும். என்.எஸ்.ஈ. செங்குழியங்களுக்குள்ளும் இருக்கிறது. இரத்தக்குழாய் அகப்படாமல் சிரமப்பட்டு இழுத்த இரத்தத்தில் செங்குழியங்கள் உடைந்தால், மூளைக்குப் புதிதாக ஒன்றும் நடக்காமலே அளவு ஏறிவிடும். இவை நூறு நோயாளர்களை ஒரு கூட்டமாகப் பார்க்க உதவுகின்றன. உங்கள் அப்பா ஒருவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல இன்னும் போதாது. அண்ணா அனுப்பும் காசை, வீட்டுக்கு வந்த பிறகு பிசியோதெரபிக்கு வைத்துக்கொள்ளுங்கள். அது கட்டாயம் தேவைப்படும்.

கேள்வி: அம்மாவின் ரிப்போர்ட்டில் நியூட்ரோபில் 84, லிம்போசைட் 8. சீனி 212. அவவுக்கு நீரிழிவு இருந்ததே இல்லை. இந்த இரண்டையும் வைத்து நிலைமை மோசம் என்று இணையத்தில் எழுதியிருக்கிறார்களே?
– வாசகர், பருத்தித்துறை

பதில்: நியூட்ரோபில், லிம்போசைட் இரண்டும் வெண்குழிய வகைகள். 84ஐ 8ஆல் வகுத்தால் 10.5. சுகமாக இருப்பவருக்கு இந்த விகிதம் பெரும்பாலும் 1 முதல் 3 வரைதான். கசிவுக்குப் பின் இது உயர்ந்தவர்களில் மோசமான விளைவு கூட என்று பல ஆய்வுகள் காட்டியுள்ளன. ஆனால் எந்த எண்ணுக்கு மேல் ஆபத்து என்பதில் ஆய்வுக்கு ஆய்வு வேறுபாடு. உடல் அதிர்ச்சியில் கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோன் சுரந்தாலே நியூட்ரோபில் ஏறி லிம்போசைட் இறங்கும். சளி நெஞ்சுக்குள் இறங்கினாலும், சிறுநீர்க் குழாயால் கிருமி தொற்றினாலும், ஸ்டீரொய்ட் ஏற்றினாலும் அதேதான். ஆகவே இந்த எண்ணைச் சாத்திரமாக வாசிக்காமல், "காய்ச்சல் இருக்கிறதா, நெஞ்சு எக்ஸ்-ரே எப்படி?" என்று டொக்டரிடம் கேளுங்கள். தொற்று என்றால் மருந்து உண்டு.

சீனி விடயம் இன்னும் முக்கியம், ஏனென்றால் அதில் கைவைக்க முடியும். 212 மில்லிகிராம் என்பது 11.8 மில்லிமோல். அதிர்ச்சியால் ஏறியதா, தெரியாமல் இருந்த நீரிழிவா என்பதை, கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்.பி.ஏ.1சி. பரிசோதனை பிரித்துச் சொல்லும், 6.5 சதவீதமோ அதற்கு மேலோ என்றால் நீரிழிவு நெடுநாள் இருந்திருக்கிறது. 2023 இல் வெளியான இன்ரராக்ட்-3 என்ற பெரிய ஆய்வில் இலங்கை நோயாளர்களும் சேர்க்கப்பட்டிருந்தார்கள். மேல் பிரஷரை ஒரு மணி நேரத்துக்குள் 140க்குக் கீழ் கொண்டுவருவது, சீனியை நீரிழிவு இல்லாதவருக்கு 110–140, உள்ளவருக்கு 140–180 என்று வைத்திருப்பது, உடல் வெப்பம் 37.5 பாகைக்கு மேல் போகவிடாதது, இரத்தம் உறைவதைக் குறைக்கும் வார்ஃபரின் எடுத்தவரின் ஐ.என்.ஆரை (இரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் எண்) 1.5க்குக் கீழ் இறக்குவது: இந்த நாலையும் ஒன்றாகச் செய்தபோது ஆறு மாதத்தில் நோயாளர்களின் நிலை மேம்பட்டிருந்தது. விலையுயர்ந்த புரதம் எதையும் அவர்கள் அளக்கவில்லை.

உங்கள் பங்கு ஒன்று: வார்டில் கேட்காமல் இளநீரோ குளுக்கோஸ் தண்ணியோ கொடுக்க வேண்டாம். சீனி ஏறும் என்பது ஒரு காரணம். விழுங்கும் சக்தியைச் சோதிக்காமல் கொடுத்தால் நெஞ்சுக்குள் போய் நிமோனியா வரும் என்பது பெரிய காரணம்.

கேள்வி: அத்தை வார்ஃபரின் குளிசை எடுப்பவர். ஐ.என்.ஆருக்கு இரத்தம் எடுத்த பிறகு, "காணாது" என்று திரும்பவும் குத்தினார்கள். முதலில் எடுத்ததை வைத்துச் செய்ய முடியாதா?
– வாசகி, மானிப்பாய்

பதில்: முடியாது, குத்தியது சரி. நீல மூடிக் குழாயில் சிட்ரேட் திரவம் முதலே இருக்கும். ஒரு பங்கு சிட்ரேட்டுக்கு ஒன்பது பங்கு இரத்தம் வேண்டும். கோடுவரை நிரம்பாவிட்டால் மிஞ்சும் சிட்ரேட் இரத்த உறைவுக்கான கல்சியத்தைப் பிடித்துவைத்து ஐ.என்.ஆரைப் பொய்யாகக் கூட்டிக் காட்டும். கசிவு உள்ளவருக்கு அந்த எண்ணை வைத்துத்தான் வார்ஃபரினை முறிக்கும் மருந்தைத் தீர்மானிக்கிறார்கள். அத்தையின் கிளினிக் கொப்பியையும் குளிசை உறைகளையும் வார்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். கடைசிக் குளிசை எத்தனை மணிக்கு என்பதையும் சொல்லுங்கள்.

கேள்வி: பெரியப்பாவுக்கு 71 வயது. ஸ்கோர் 3, நூற்றுக்கு 72 பேர் இறப்பார்கள் என்று ஒரு சொந்தக்காரர் கணக்குப் பார்த்துச் சொன்னார். மறுநாளே வீட்டுக்குக் கொண்டுவரலாம் என்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், கொடிகாமம்

பதில்: தயவுசெய்து அவசரப்பட வேண்டாம்.

அவர் பார்த்தது ஐ.சி.எச். ஸ்கோர், மூளைக் கசிவின் கடுமையைப் புள்ளிகளால் மதிப்பிடும் கணக்கு. அந்த ஸ்கோரில் இரத்தப் பரிசோதனையே இல்லை. சுயநினைவு அளவு (கிளாஸ்கோ அளவுகோலில் 3 முதல் 15 வரை, குறையக் குறைய மோசம்) 5–12 என்றால் 1 புள்ளி, 3–4 என்றால் 2. கசிவு 30 மில்லிலீற்றரோ கூடவோ என்றால் 1. மூளை அறைக்குள் இரத்தம் இறங்கியிருந்தால் 1. பின்மூளை, மூளைத்தண்டுப் பகுதி என்றால் 1. 80 வயதோ மேலோ என்றால் 1. கசிவின் அளவை ஸ்கேனில் நீளம், அகலம், தடிப்பு மூன்றையும் சென்ரிமீற்றரில் பெருக்கி இரண்டால் வகுத்துப் பார்ப்பார்கள்: 5 × 4 × 3.5 என்றால் 35 மில்லிலீற்றர்.

அந்த 72 சதவீதம் 2001 இல் வெளியானது. அமெரிக்காவில் 152 நோயாளர்களிடம் முப்பது நாளில் கண்ட கணக்கு. "இனிப் பயனில்லை" என்று சிகிச்சையை நிறுத்திய இடங்களில் இறப்பு இயல்பாகவே கூடும். பிறகு அந்த இறப்பே ஸ்கோருக்குச் சாட்சியாகிவிடுகிறது. அதனால்தான் 2022 இல் வந்த அமெரிக்க வழிகாட்டல், நோயாளி முன்பே வேறு விருப்பம் தெரிவித்திருந்தாலன்றி, ஆஸ்பத்திரியில் இரண்டாவது முழு நாள் முடியும்வரையாவது சிகிச்சையைக் குறைக்கும் முடிவைத் தள்ளிவைக்கச் சொல்கிறது. ஸ்கோரை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம் என்றும் சொல்கிறது. அதே ஆண்டு வெளியான இன்னோர் ஆய்வில், கடும் கசிவுக்குப் பின் முப்பதாம் நாளில் பிறர் துணையின்றி நடக்க முடியாமலோ படுக்கையிலோ இருந்தவர்களில் நூற்றுக்கு 40 பேருக்கு மேல் ஒரு வருடத்தில் தேறியிருந்தார்கள்.

டொக்டரைச் சந்திக்கும்போது இவற்றைக் கேளுங்கள்: இரண்டாவது ஸ்கேன் எடுத்தார்களா, கசிவு பெருத்திருக்கிறதா? மூளை நீர் தேங்குகிறதா, குழாய் வைக்க வேண்டுமா? மயக்கம் கசிவால் மட்டுமா, அல்லது சோடியம் குறைவு, காய்ச்சல், தூக்க மருந்து ஏதாவது சேர்ந்திருக்கிறதா? இந்தக் கடைசி மூன்றும் திருத்தக்கூடியவை. திருத்திய பிறகுதான் அவருடைய உண்மையான நினைவு நிலை தெரியும், ஸ்கோரும் மாறலாம்.